வெற்றிக் கதை எழுதுவோர்க்கு ஒரு விண்ணப்பம்

பொதுமக்களுக்குக் கல்வி பரப்பும் வேலையை மேற்கொண்டோர், அவர் சர்க்காராயினும் சங்கத்தாராயினும், தாம் செய்த வேலையின் பயனை உலகத்தாருக்கு எடுத்துரைக்க ஒரு வகைக் கதையை எழுதி வருகின்றனர். அதற்கு வெற்றிக் கதை என்று பெயர். ஆண்டறிக்கையின் நடுப்பக்கத்திலும், பள்ளி ஆண்டு மலரிலும், நிதி திரட்டும் துண்டுப் பிரசுரத்திலும் அதனைக் காணலாம். ஓர் ஏழைச் சிறுவன் இருந்தான்; ஒரு திட்டம் வந்தது; சிறுவன் படித்தான்; இன்று அவன் டாக்டர்; திட்டத்தை அளித்த பெரியோர்க்கு அவன் குடும்பத்தார் நன்றி கூறுகின்றனர். இதுவே அக்கதையின் உடலும் உயிரும். பெயரையும் ஊரையும் மாற்றினால் எந்த நாட்டுக்கும் எந்தத் திட்டத்துக்கும் இதனைப் பொருத்திவிடலாம்.

இவ்வகை எழுத்தை இலக்கியம் என்று எவரும் மதிப்பதில்லை. ஆகவே இதன் குற்றங் குணங்களை ஆராய்வாரும் இல்லை. நாம் அவ்வாராய்ச்சியில் இறங்குவதற்குக் காரணம் உண்டு. ஒரு நாவல் பழுதானால் வாசகனுக்கு ஒரு மாலைப் பொழுது நட்டம், அவ்வளவே. வெற்றிக் கதை பழுதானால், பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. நிற்க வேண்டிய திட்டம் நின்றுவிடும். ஒழிய வேண்டிய திட்டம் மாலை மரியாதையுடன் தொடர்ந்து நடக்கும். ஏழைப் பிள்ளைகளின் பொருட்டு எழுதப்படும் எழுத்துக்குப் பிழை செய்யும் உரிமை மற்ற எழுத்தைவிடக் குறைவு என்பது நமது கொள்கை.

நாம் சொல்லப் போவது ஒன்றே. ஒரு கல்வித் திட்டத்தின் வெற்றிக் கதை, யார் உயர்ந்தார் என்பதை மட்டும் சொன்னால் அது அந்த ஆளின் கதை. எவ்வழியால் உயர்ந்தார், அவ்வழி மற்றவர்க்கும் திறந்திருந்ததா என்பதையும் சொன்னால்தான் அது திட்டத்தின் கதை. இதனைச் சில உண்மை உதாரணங்களால் விளக்குவோம்.

காமராசர் கதை

தமிழர் அறிந்த கல்விக் கதைகளுள் மிகப் பெரும் புகழ் பெற்றது காமராசரைப் பற்றியது. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்த அவர் வழிப்பயணத்தில் ஆடு மாடு மேய்க்கும் ஒரு சிறுவனைக் கண்டு, பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்டதாகவும், போனால் சோறு யார் போடுவார் என்று அச்சிறுவன் திருப்பிக் கேட்டதாகவும், அதன் பயனாகவே 1956ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டம் பிறந்ததாகவும் அக்கதை சொல்லும். ஊர் மாறும், சிறுவன் சொன்ன சொல் மாறும், கருத்து மாறுவதில்லை. தாய்நாட்டில் மட்டுமன்றி இந்நாட்டு மேடைகளிலும் இதனைக் கேளாத தமிழர் அரியர்.

இக்கதை ஏன் நிலைத்தது? அதில் காரணம் இருக்கின்றது. பிள்ளை பள்ளிக்கு வாராமைக்குச் சோம்பலோ, பெற்றோரின் அறியாமையோ, விதியோ காரணமன்று. வயிறே காரணம் என்று அச்சிறுவனின் ஒரு கேள்வி காட்டிவிடுகின்றது. நோய் இன்னது என்று தெரிந்தபின் மருந்து இன்னது என்பதும் தெரிகின்றது. நூறு பிரசங்கங்கள் செய்ய இயலாததை ஒரு சிறுவனின் வாய்ச்சொல் செய்தது. இது இக்கதையின் குணம்.

இனிக் குற்றத்தைப் பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளிப்பது 1956இல் திடீரெனத் தோன்றிய எண்ணமன்று. 1920ஆம் ஆண்டிலேயே சென்னை மாநகராட்சி, சர். பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் அதனைத் தொடங்கிற்று. காமராசர் காலத்தில் கல்வித் துறைக்கு இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பொதுமக்களைத் திரட்டி அவ்வேலையை நடத்தினார். பின்னர் 1982இல் ம. கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டமும் வந்து சேர்ந்தது. இந்த நூறாண்டு வரலாற்றை ஒரு சாலையோரச் சந்திப்பு விழுங்கிவிட்டது. அடுப்பூதிய பெண்கள் எங்கே? அரிசி அளந்த ஊரார் எங்கே? அந்தச் சிறுவன்தான் எங்கே? அவன் பள்ளிக்குப் போனானா, எத்தனை வகுப்புப் படித்தான் என்று அக்கதை சொல்வதில்லை. கேள்வி கேட்டதோடு அவன் வேலை முடிந்தது. எஞ்சியது தலைவரின் பெருமை.

தலைவரின் பெருமையை நாம் குறைக்க வரவில்லை. அவர் செயல் பெரிது. அதனாலேயே அது முழுமையாக எழுதப்படத் தக்கது. திட்டம் ஏன் வந்தது என்று கூறும் கதை வேறு. வந்து என்ன செய்தது என்று கூறும் கதை வேறு. முன்னதை எழுதிவிட்டுப் பின்னதை எழுதியதாக எண்ணிக்கொள்வது நம்மவரிடையே வேரூன்றிய வழக்கம்.

நன்றியுரை சான்றாகுமா?

பயனைச் சொல்லப் பயன் பெற்றவரையே பேச விடலாமே என்பர் சிலர். அது நல்ல யோசனைதான். ஆயினும் அதிலும் ஓர் இடர் உண்டு. அதனை விளங்கிக்கொள்ளக் கியூபா நாட்டின் உதாரணம் உதவும்.

1961ஆம் ஆண்டில் அத்தீவில் எழுத்தறிவுப் பேரியக்கம் ஒன்று நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞரும் யுவதியரும் வீட்டை விட்டுக் கிராமங்களுக்கும் மலைகளுக்கும் சென்று, பகலில் குடியானவருடன் வேலை செய்து, இரவில் விளக்கொளியில் எழுத்துக் கற்பித்தனர். ஏழு லட்சம் பேர் அவ்வாண்டில் எழுதப் படிக்கக் கற்றதாக அந்நாட்டுச் சர்க்கார் அறிவித்தது. கற்றவர் தேறியதற்கு அடையாளமாகத் தலைவர் பிடெல் காஸ்ட்ரோவுக்குத் தம் கைப்பட ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. அக்கடிதங்கள் ஹவானா நகரில் ஒரு காட்சிச் சாலையில் இன்றும் காக்கப்படுகின்றன.

அதற்குமுன் பேனா பிடித்தறியாத ஒரு முதியவரின் கை எழுதிய கடிதத்தைப் போல ஒரு சான்று வேறில்லை. எழுத்து வந்தது என்பதை எழுத்தே மெய்ப்பிக்கின்றது; அறிக்கை எழுதுவோன் இடையில் வேண்டுவதில்லை. ஆனால் அக்கடிதம் யாருக்கு எழுதப்படுகின்றது என்பதையும் நோக்க வேண்டும். நாட்டை ஆளும் தலைவருக்கு முதற் கடிதம் எழுதுபவர் எதனை எழுதுவார்? நன்றி எழுதுவார். பாடம் கடினமாயிருந்தது, ஆசிரியர் பாதியில் ஊர் திரும்பினார், என் மனைவிக்குக் கற்க நேரமில்லை என்றெல்லாம் எழுத எவருக்கு மனம் வரும்? கடிதம் எழுத்தறிவுக்குச் சான்று. திட்டத்தின் நிறைகுறைக்கு அது சான்றாகாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது பிழை.

இப்பிழையை நமது ஆண்டு மலர்களில் தாராளமாகக் காணலாம். உபகாரச் சம்பளம் பெற்ற மாணவரை, அதனை வழங்கிய சங்கத்தின் மலருக்கே எழுதச் சொல்வதும், எழுதியதைச் சங்கத்தார் திருத்துவதும், அதனைத் திட்டத்தின் வெற்றிக்குச் சான்றாக அச்சிடுவதும் வழக்கமாகிவிட்டன. கொடுத்தவர் கையில் தாளைக் கொடுத்துவிட்டு வாங்கியவரின் மனத்தை அறியப் பார்ப்பது எவ்வாறு பொருந்தும்? வாங்கியவர் குறை கூறவும் இடமுள்ளபோதுதான் அவர் கூறும் நிறைக்கும் மதிப்பு உண்டாகும்.

கேரளத்தின் ‘முழு’ எழுத்தறிவு

சொல்லை அளந்து வழங்குவதும் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம். கேரள நாட்டின் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 1991 ஏப்ரல் 18ஆம் நாள் கோழிக்கோட்டு மானாஞ்சிறைத் திடலில் கேரளம் முழுமையுமே அவ்வாறு அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் அமைச்சரல்லர், முதிய வயதில் எழுத்துக் கற்ற மலப்புறத்து முஸ்லிம் பெண்மணியான சேலக்கோடன் ஆயிஷா. பெரியோர் பலர் கூடிய மேடையில் கற்றவரையே முன்னிறுத்திய அச்செயலை நாம் மனமாரப் போற்றுகின்றோம். வெற்றிக் கதையில் முதலிடம் யாருக்கு உரியது என்பதை அன்று கேரளத்தார் செயலாலே காட்டினர்.

எனினும் அங்கு வழங்கிய ‘முழு’ என்னும் சொல்லுக்குப் பொருள் நூற்றுக்கு நூறன்று. குறித்த வயதினருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்பதே அதற்கு வைத்த அளவு. 1991ஆம் ஆண்டுக் குடிக்கணக்கும் கேரளத்தின் எழுத்தறிவை ஏறக்குறையத் தொண்ணூறாகவே காட்டிற்று. இந்திய நாட்டின் மற்ற மாகாணங்களை நோக்க அது வியக்கத்தக்க வெற்றி. அவ்வாறிருக்க, நூற்றுக்குத் தொண்ணூறு என்று நேரே எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது, ஒன்று கூடும். எஞ்சிய பத்துப் பேர் யார் என்னும் கேள்வி வாசகன் மனத்தில் எழும். அவர்கள் மலைவாழ் குடியினரா, கடலோரத்து மீனவரா, முதிய பெண்டிரா என்று அவன் கேட்பான். ‘முழு’ என்னும் சொல் அக்கேள்வியை எழவொட்டாமல் வாயை மூடிவிடுகின்றது. வெற்றியை மிகுத்துச் சொல்வதால் வரும் பெருங்கேடு இதுவே: வேலை முடிந்துவிட்டது என்று எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகின்றனர்.

புதுக்கோட்டைச் சைக்கிள்

குற்றங்களையே அடுக்கிக்கொண்டு போனால், நன்றாக எழுதப்பட்டது ஒன்றேனும் உண்டா என்று வாசகர் கேட்பர். உண்டு. அது நம்மவருள் பலருடைய முன்னோர் கப்பலேறிய சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் நடுவேயுள்ள புதுக்கோட்டைச் சீமையைப் பற்றியது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் என்னும் பெண்மணி. கூலிவேலை செய்யும் பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள் ஆகியோர் இரவு வகுப்புகளில் எழுத்துக் கற்றனர். கற்பிக்கவும் கண்காணிக்கவும் ஊர்விட்டு ஊர் போக வேண்டிய பெண் தொண்டர்க்குப் போக்குவரத்து பெரிய இடராயிருந்தது. ஆகவே எழுத்துடன் சைக்கிள் ஓட்டவும் கற்பிப்பது என்று இயக்கத்தார் தீர்மானித்தனர். பெண் சைக்கிள் ஏறுவதைக் கண்டு ஊர் நகைத்தது. ஆண்கள் சிலர் தகாத சொற்களையும் வீசினர். பெண்கள் விடவில்லை. 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் தினத்தன்று ஆயிரத்தைந்நூறு பெண்களுக்கு மேல் சைக்கிளில் ஊர்வலம் வந்தனர்.

இதனை உலகறியச் செய்தவர் பத்திரிகையாளர் பி. சாய்நாத். இந்தியாவின் மிக வறிய மாவட்டங்களில் சுற்றித் திரிந்து அவர் எழுதிய கட்டுரைகள் 1996இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தன; புதுக்கோட்டைச் சைக்கிளைப் பற்றிய கட்டுரை அவற்றுள் ஒன்று. நல்ல வெற்றிக் கதைக்கு வேண்டிய இலக்கணங்களை அதிலிருந்து எடுக்கலாம்.

முதலாவது, அவர் ஒரு பெண்ணின் ஏற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு லட்சம் பெண்கள் என்னும் தொகையையும் சொல்லி, அத்தொகைக்குள் இருக்கும் ஆட்களையும் காட்டுகின்றார். இரண்டாவது, பயன் என்பதை அவர் மேடைப் பேச்சிலிருந்து எடுக்கவில்லை. நாள்தோறும் நடக்கும் வேலையிலிருந்து எடுத்தார். பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்த பொழுது மிஞ்சுகின்றது. தண்ணீர்க் குடத்தைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவர முடிகின்றது. விளைபொருளை அடுத்தடுத்த ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்க முடிகின்றது. கணவனோ தம்பியோ வந்து அழைத்துப் போக வேண்டுவதில்லை. மூன்றாவது, சான்றுக்காக அவர் சைக்கிள் வியாபாரியிடம் போகின்றார். பெண்கள் ஓட்டும் சைக்கிளுக்குக் கிராக்கி மிகுந்து, அது கிடையாமையால் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே பெண்கள் வாங்கியதை எழுதுகின்றார். வியாபாரிக்குத் திட்டத்தைப் புகழ வேண்டிய கடமை இல்லை; அவன் கணக்கு அவனுடையது. ஆகவே அவன் சாட்சி பலமுள்ளது. நான்காவது, எதிர்ப்பை அவர் மறைக்கவில்லை. நகைத்தவர் இருந்தனர் என்று சொல்வதனாலேயே ஓட்டியவரின் துணிவு நமக்குப் புலனாகின்றது.

இக்கட்டுரையைப் படித்து முடித்தவன் தலைவர் வாழ்க என்று சொல்ல மாட்டான். நம் ஊரிலும் பெண்களுக்குச் சைக்கிள் கற்பித்தால் என்ன என்று கேட்பான். வெற்றிக் கதையின் வெற்றி அதுவே.

ஆயினும் ஒன்று சொல்லாமல் விடுவது நடுநிலையாகாது. சைக்கிளின் புகழ் பெருகப் பெருக, அவ்வியக்கத்தின் தலையாய வேலை எழுத்துக் கற்பித்தல் என்பது பலர் நினைவினின்றும் நழுவிவிட்டது. எழுத்தறிவு சைக்கிளைப் போன்றதன்று. ஒருமுறை சைக்கிள் பழகியவர் எளிதில் மறவார். ஆறு மாதம் எழுத்துப் பழகியவர், கையில் நூலும் பத்திரிகையும் இல்லாவிடில், விரைவில் மறந்துவிடுவார். ஆகவே புதுக்கோட்டையைப் பற்றிப் பிறர் சொல்லி எழுதும் துணுக்குகளில், கற்ற பெண்கள் சில ஆண்டு கழித்தும் படித்தார்களா என்னும் கேள்வி இல்லாதிருப்பது பெருங்குறை. கண்ணுக்கு அழகான பயன் ஒன்று அகப்பட்டால் அதனையே பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது இவ்வகை எழுத்தைப் பற்றிய பழைய நோய்.

ஒப்பிட்டுப் பார்த்தல்

மற்றொரு கேள்வியும் உண்டு. அதனை வெற்றிக் கதை எழுதுவோர் பெரும்பாலும் கேட்பதில்லை. திட்டம் வாராதிருந்தால் இது நடந்திராதா என்பதே அது. மழை பெய்த ஆண்டில் பயிர் வளர்ந்தால், தான் தெளித்த மந்திர நீரால் வளர்ந்தது என்று சொல்வோனை நாம் நம்புவதில்லை. கல்வித் திட்டத்துக்கும் அந்நீதியே பொருந்தும். நாடு செழித்து வரும் காலத்தில் எல்லாப் பள்ளிகளிலும் பிள்ளைகள் கூடத்தான் செய்வர். அக்கூடுதல் முழுவதையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் திட்டம் பிறர் விளைச்சலை அறுவடை செய்கின்றது.

இதற்கும் சைக்கிளே நல்ல உதாரணம் தருகின்றது. வட இந்தியாவில் பீகார் மாகாணச் சர்க்கார் 2006ஆம் ஆண்டில், ஒன்பதாம் வகுப்புச் சேரும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் அளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. சீருடை அணிந்த சிறுமிகள் வரிசையாகச் சைக்கிளில் போகும் படம் எங்கும் பரவியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளாதார ஆராய்ச்சியாளர் இருவர் அப்படத்தோடு நின்றுவிடவில்லை. பீகாரின் பெண் பிள்ளைகளை, சைக்கிள் பெறாத ஆண் பிள்ளைகளுடன் ஒப்பிட்டனர். அத்திட்டம் இல்லாத அண்டை மாகாணமாகிய ஜார்க்கண்டின் பிள்ளைகளோடும் ஒப்பிட்டனர். உயர்நிலைப் பள்ளியிற் சேரும் பெண் பிள்ளைகளின் தொகை இத்திட்டத்தால் நூற்றுக்கு 32 பங்கு உயர்ந்தது என்றும், அவ்வயதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையேயிருந்த வேறுபாடு நூற்றுக்கு 40 பங்கு குறைந்தது என்றும் அவர்கள் 2017இல் வெளிவந்த ஆராய்ச்சியில் கண்டனர்.

அதனினும் சிறந்தது மற்றொன்று. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊர்களில்தான் பயன் மிகுந்திருந்தது. ஆகவே பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது பரிசுப் பொருளின் ஆசையன்று, தூரத்தின் சுருக்கம் என்பது விளங்கிற்று. ‘எவ்வழியால்’ என்று நாம் தொடக்கத்திற் சொன்னது இதுவே. வழி தெரிந்தால் மற்றவரும் பின்பற்றலாம். பள்ளி அருகிலேயே இருக்கும் ஊரில் சைக்கிள் கொடுத்துப் பணத்தை வீணாக்காமலும் இருக்கலாம். இத்தகைய கணக்கு நூறு நன்றியுரைகளுக்கு மேலானது. எண்களைக் கண்டு இலக்கிய அன்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. எண்ணும் எழுத்தும் இரண்டு கண்கள் என்பது நம் பாட்டி மொழியன்றோ?

நமது பள்ளிகளின் கதை

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றி எழுதப்பட்ட வெற்றிக் கதைகள் எத்தகையன?

முற்காலத்து வெற்றிக் கதை பள்ளிகளின் தொகை. ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், அதன்பின் வந்த 1923ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்ற நியதியைக் கொண்டுவந்தன. பள்ளிகள் பெருகின. மலாயா விடுதலை பெற்ற 1957இல் தமிழ்ப்பள்ளிகளின் தொகை 888. எண்ணைப் பார்த்தால் மாபெரும் வெற்றி. உள்ளே நுழைந்து பார்த்தாலோ, ஒரு கொட்டகை, ஒரு வருகைப் பதிவேடு, படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பகுதி நேரத்து உபாத்தியாயர் என்ற நிலையில் பல தோட்டப் பள்ளிகள் காலந்தள்ளின. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும், பெற்றோருக்குப் பால்மரக் காட்டில் உதவவும் பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றனர். சட்டம் நிறைவேறியது என்று அறிக்கை சொல்லிற்று. பிள்ளை படித்ததா என்று அது சொல்லவில்லை.

பிற்காலத்து வெற்றிக் கதை தேர்வின் ‘ஏ’. 1988இல் ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வாக யு.பி.எஸ்.ஆர். வந்தபின், தமிழ்ப்பள்ளியின் வெற்றி என்றால் ஏழு பாடத்திலும் ‘ஏ’ வாங்கிய பிள்ளைகளின் தொகை என்று ஆயிற்று. ஆண்டுதோறும் தேர்வு முடிவு வந்ததும் பத்திரிகைப் பக்கங்களில் அப்பிள்ளைகளின் படங்கள் நிறைந்தன. தமிழ்ப்பள்ளியில் படித்தால் முன்னேற முடியாது என்று இகழ்ந்தோர்க்கு அப்படங்கள் தக்க மறுமொழியாயிருந்தன. அதனை நாம் மறுக்கவில்லை. பெற்றோர் தம் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பவும் அவை தூண்டுகோலாயின. உழைத்துப் படித்த பிள்ளைகளுக்கு நம் வாழ்த்து என்றும் உண்டு.

ஆனால் அப்பக்கத்தில் படம் வாராத பிள்ளைகள் எத்தனை பேர்? ஆறாண்டு பள்ளியில் இருந்தும் சரளமாக வாசிக்க இயலாத பிள்ளை அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தது. கூடுதல் வகுப்புக்கு ஆசிரியர் மாலையில் நின்றபோது, ‘ஏ’ வாங்கக் கூடிய பிள்ளைக்காக நின்றாரா, வாசிக்கத் தெரியாத பிள்ளைக்காக நின்றாரா? எந்தக் கதை அச்சேறுமோ அந்த வேலைக்கே கை நீளும். வெற்றியை எவ்வாறு எழுதுகின்றோமோ அவ்வாறே பள்ளியும் நடக்கத் தலைப்படும். இதனாலேதான் வெற்றிக் கதையின் இலக்கணம் வெறும் இலக்கியப் பிரச்சினையன்று என்று நாம் வற்புறுத்துகின்றோம்.

2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. படம் போடும் வாய்ப்பு ஒழிந்தது கண்டு, இனித் தமிழ்ப்பள்ளியின் பெருமையை எதனால் காட்டுவது என்று மயங்கினோரும் உண்டு. நாம் அதனை நல்வாய்ப்பாகவே கருதுகின்றோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின் தமிழ்ப்பள்ளிகளின் தொகை இன்று ஏறக்குறைய 530ஆகச் சுருங்கியிருக்கின்றது. அவற்றுள் நூற்றைம்பது பிள்ளைகளுக்கும் குறைந்த சிறு பள்ளிகள் பல. அப்பள்ளிகள் நிலைக்க வேண்டுமாயின், அவை செய்யும் வேலையை நம்பத்தக்க முறையில் எடுத்துரைக்கும் எழுத்து வேண்டும். மிகைப்படுத்தி எழுதினால் ஒருமுறை கைதட்டுவர், மறுமுறை நம்பார்.

எழுதுவோர் கேட்க வேண்டியவை

ஆகவே ஆண்டு மலருக்கும் அறிக்கைக்கும் எழுதும் ஆசிரியன்மாரும் சங்கத்து இளைஞரும் பேனாவை எடுக்குமுன் ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டுகின்றோம்.

திட்டத்துக்கு முன்னர் நிலை என்ன? அதனை அன்றே குறித்து வைத்தோமா, அல்லது பின்னர் நினைவிலிருந்து இட்டுக் கட்டுகின்றோமா? இது முதற் கேள்வி. தொடக்கத்தை எழுதி வைக்காதவன் முடிவை அளக்க முடியாது.

மாற்றம் எவ்வழியால் வந்தது? சோற்றாலா, சைக்கிளாலா, வகுப்பு நேரத்தை மாற்றியதாலா, நல்ல உபாத்தியாயராலா? இது இரண்டாவது.

திட்டம் எட்டாத பக்கத்துப் பள்ளியில் அக்காலத்தில் என்ன நடந்தது? இது மூன்றாவது. அங்கும் அவ்வளவே முன்னேற்றம் கண்டிருந்தால் நம் கதையைச் சற்று அடக்கிச் சொல்வதே முறை.

சேர்ந்தவருள் பாதியில் நின்றவர் யார், ஏன் நின்றனர்? இது நான்காவது. வேலைக்குப் போய்விட்ட பையனின் நிலையை நான்கு வரி எழுதினால் திட்டத்துக்கு இழுக்கு வரும் என்று அஞ்ச வேண்டா. அந்த நான்கு வரிகளே அடுத்த ஆண்டு வேலைக்கு வழிகாட்டும். மற்றப் பக்கங்களை வாசகன் நம்புவதற்கும் அவையே காரணமாகும்.

இக்கதையில் வரும் பிள்ளையும் தாயும் இதனைப் படித்தால் தம் கதை என்று ஒப்புக்கொள்வார்களா? இது ஐந்தாவது. ஏழ்மையைப் பெருக்கிக் காட்டினால் நன்கொடை மிகும் என்று எண்ணி, மானத்தோடு வாழும் குடும்பத்தைப் பிச்சைக்காரராக எழுதுவோர் உளர். லயத்தில் வாழ்ந்தாலும் மானம் ஒன்றே. அவர்கள் இசைவின்றி அவர்கள் பெயரையும் படத்தையும் அச்சிடுதல் கல்வித் தொண்டாகாது.

இவ்வாறெல்லாம் எழுதினால் கதையின் சுவை கெட்டுவிடும் என்பார் சிலர். புதுக்கோட்டைக் கட்டுரையின் சுவை கெட்டதா? மெய்யான காரணமும், மெய்யான தடையும், மெய்யான ஆட்களும் இருக்கும் கதைக்கு வேறு சுவையூட்ட வேண்டுவதில்லை. தடையே இல்லாமல் உயர்ந்தவனின் கதைதான் சப்பென்றிருக்கும்.

நம் சமூகத்தில் கல்விக்காகக் கொடுப்போரும் உழைப்போரும் இன்னும் இருக்கின்றனர். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதைவிட, அவர்கள் கொடுத்த வெள்ளி எந்தப் பிள்ளைக்கு எவ்வாறு பயன்பட்டது, எந்தப் பிள்ளைக்கு ஏன் பயன்படவில்லை என்று நேர்மையாக எழுதிக் காட்டுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. அடுத்த ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதும் அன்பர்கள் முன்வரிசையில் நிற்கும் பிள்ளையைப் படம் பிடித்தபின், கடைசிப் பலகையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடமும் சென்று, தம்பி, உனக்கு எது தடையாயிருக்கின்றது என்று ஒரு வார்த்தை கேட்பார்களாக. அப்பிள்ளை சொல்லும் மறுமொழியையும் அம்மலரிலேயே அச்சிடுவார்களாக.